ரிதா அம்மா என்று இரண்டு பேர்

நைல் கால்வாய்க்கரைச் சர்க்கரை நோய் மருத்துவமனையின் வாசலில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர் ஷெஹாத்தா. எட்டு டைரக்டர்கள் வந்தார்கள், போனார்கள், அவர் நகரவில்லை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. தரை துடைக்க வந்து, சொந்தச் சாமர்த்தியத்தால் வாசலைப் பிடித்தவர். நானூறு பெண்களின் முகமும் அவரவர் மூத்த மகனின் பெயரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த டாக்டருக்கு அது வரும்?

ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பெண்ணின் சொந்தப் பெயரைக் கூவுவது அங்கே மானக்கேடு. ஆகவே "ஹம்தி அம்மா!", "ஸப்ரி அம்மா!" என்றுதான் அழைப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. வீட்டில் ரேடியோ மட்டுமே பேசும். மனுஷப் பேச்சு முழுக்க இந்த வாசலில்தான். செவ்வாய் தோறும் ரிதா அம்மா பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கொண்டுவந்து, "தின்னுத் தொலை, காத்தடிச்சா விழுந்துருவ போல இருக்க" என்று திட்டுவாள். அந்தத் திட்டுக்காகவே திங்கட்கிழமை சவரம் செய்துகொள்வார்.

புது டைரக்டர் டாக்டர் ஷஹீரா வந்த மாதமே ஒரு விதி போட்டார். அட்டையில் உள்ள முழுப்பெயரைக் கூப்பிட வேண்டும், பிறந்த தேதியைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் ஊசி.

"டாக்டரம்மா, பொம்பளைங்க பேரைச் சந்தை மாதிரி கூவுனா, புருஷனுங்க என் பல்லைக் கழட்டிக் கையில குடுத்துருவானுங்க."

"பல்லு போனா கட்டிக்கலாம் பெரியவரே. உசுரு போனா?"

"என் வாசல்ல தப்பு நடக்காது."

பழையபடியே கூப்பிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த ஒருத்தியின் மகன் பெயரும் ரிதா. அவளுடைய ஃபைலை எடுத்து "ரிதா அம்மா!" என்றார். நிமிர்ந்து பார்க்காமல் அதை நர்ஸிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஃபைலைத் தேடக் குனிந்தார்; எழுந்து போனது பழைய ரிதா அம்மா. ஷெஹாத்தா அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் தவ்ஹீதாவும் தேதி கேட்கவில்லை. பன்னிரண்டு யூனிட் இன்சுலின் போட வேண்டியவளுக்கு நாற்பது போட்டாள்.

அரை மணி நேரத்தில் ரிதா அம்மா வேர்த்து நனைந்து பெஞ்சிலிருந்து சரிந்தாள். குளுக்கோஸ் ஏற்றித்தான் மீட்டார்கள்.

விசாரணையில் தவ்ஹீதா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். ஊசி போட்ட கை அவளுடையது. யாரும் ஷெஹாத்தாவைக் கேட்கவில்லை. வாயை மூடியிருந்தால் வாசல் அவருக்கே, ரொட்டியும் அவருக்கே. கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

"கூப்பிட்டது நான். அவளை விடுங்க."

டாக்டர் ஷஹீரா தவ்ஹீதாவை வேலைக்குத் திருப்பி அனுப்பினார். பிறகு, "நாளையிலருந்து முழுப்பேரை நீங்களே கூப்பிடுங்க. உங்க குரலுக்குத்தான் எந்திரிப்பாங்க" என்றார்.

வேலையை விட்டு நீக்கியிருந்தால்கூட அவருக்கு இத்தனை கனத்திருக்காது.

மறுநாள் கூப்பிட்டார். ஒரு புருஷன், "வயசானா வெக்கமும் போயிருமா?" என்று கேட்டான். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு, தேதியை முணுமுணுத்து, அவரைப் பார்க்காமல் போனார்கள். அந்த ஒரு மாதத்தில் யாரும் சிரிக்கவில்லை. தப்பும் ஒன்றுகூட நடக்கவில்லை.

உடம்பு தேறி ரிதா அம்மா வந்தாள்.

"ஃபிக்ரியா ஸுலைமான்!"

அவள் எழவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "அத்தனை ஆம்பளைங்க முன்னாடி, நீயுமா?"

"பிறந்த தேதி?"

சொன்னாள். சரியாகப் பன்னிரண்டு யூனிட் போட்டுக்கொண்டு போனாள். அவள் கையில் ரொட்டிப் பொட்டலம் இருந்தது. அது அவளோடே போனது.

சாயங்காலம் வீட்டில் ரேடியோவைப் போடவில்லை. மனைவியை அவர் "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். யாருக்கும் அம்மா ஆகாததால் ஊரும் அவளை எந்தப் பெயர் சொல்லியும் அழைத்ததில்லை. காலி நாற்காலியைப் பார்த்து, வாசலில் கூவும் அதே குரலில் கூப்பிட்டார்.

"இன்ஸாஃப் அப்துல் மக்ஸூத்!"

அடுத்துக் கேட்க வேண்டியது பிறந்த தேதி. அது அவருக்கே தெரியாது.