தங்கச்சி கிடந்த மிட்டாய்ப் பெட்டி

சர்க்கரைப் பாகும் பினாயிலும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். என் தங்கச்சி பிறந்த முதல் இருபது நாளும் அந்த வாசனைக்குள்தான் கிடந்தாள். பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டு நானும் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். இன்றைக்கும் ஒரு மிட்டாய்க் கடையைத் தாண்டினால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் நெஞ்சு படபடத்துவிடும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். வேலையாகச் சேலம் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைத்தாய்ச்சியான அம்மாவுக்கு, எட்டாம் மாதம் தொடங்கிய கையோடு வலி வந்தது. ஊரார் நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தங்கச்சி பிறந்தாள். ஒன்பது வயதுக்காரியான என் கை நீளம்கூட இல்லை அவள்.

"கொறமாசப் புள்ள. வெதுவெதுன்னு சூட்டுலியே வச்சிக்கினு இருக்கணும். அதுக்கான மிஷினு பாண்டிச்சேரியிலதான் இருக்குது, ரோடு இல்லியே" என்றார் டாக்டரம்மா. அம்மா அழவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு வலித்தது.

டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆள் இல்லை. ரேடியோ ரிப்பேர் செய்யும் கரீம் பாய்க்கு ஆளனுப்பினார். பாய் சின்னசேலத்தில் ஒரு கோழிப்பண்ணையின் முட்டையைச் சூடேற்றிக் குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியைப் பழுது பார்த்தவர். "அதே மாதிரிதாம்மா. கீழ்த்தட்டுல பல்பு, மேல்தட்டுல கொழந்த, காத்து போவ ஓட்ட. கண்ணாடிப் பொட்டி ஒண்ணு கெடைச்சா போதும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லார் கண்ணும் எதிர்க்கடைப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே ஏழுமலை என்ற மிட்டாய்க் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்குள் லட்டும் ஜாங்கிரியும் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன.

"இன்னாங்க கேள்வி இது? எட்த்துக்கினு போங்க. லட்டு ரெண்டு நாளு தாம்பாளத்துல குந்திக்கினு இருக்கட்டும்" என்றார் ஏழுமலை. அடடா, அந்தத் தெருவுக்கு அன்று வந்த உற்சாகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பாய் பல்புகளும் வொயரும் கொடுத்தார். மெத்தை தைப்பவர் புதுப் பஞ்சு கொடுத்தார். கரண்ட் போனால் பாட்டிலில் நிரப்பி வைக்க வெந்நீர் தருவதற்காக டீக்கடைக்காரர் பாய்லரை அணைக்காமலே வைத்திருந்தார். சலவைச் சோடா போட்டு மூன்று முறை கழுவியும் பெட்டியில் பாகு வாசனை போகவில்லை. எறும்பு ஏறாமல் இருக்க நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள்.

இதில் ஒரு கூத்து நடந்துவிட்டது. கொடுத்ததில் 'உபயம்' என்று பேர் எழுதாவிட்டால் எங்கள் ஊரில் அது கொடுத்ததாகவே சேர்த்தி இல்லை. கோயில் டியூப்லைட்டில் பேர்களை எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராது. பெட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதற்கு முன்பே போர்டு எழுதுகிறவர் ஒருவர் உள்ளே பார்க்க இருந்த ஒரே கண்ணாடியான முன்பக்கம் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எல்லார் பேரையும் எழுதி, கடைசியில் 'எழுத்து உபயம்' என்று தன் பேரையும் சேர்த்துவிட்டார். அவசரத்தில் டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் தங்கச்சி வைக்கப்பட்டாள். அவள் முகத்துக்கு நேராக 'ஏழுமலை ஸ்வீட் ஸ்டால்' நின்றது.

மறுநாள் காலை நான் எழுத்துகளின் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி உதடு நீலமாக இருந்தது. நான் போட்ட கத்தலில் டாக்டரம்மா ஓடி வந்து கதவைத் திறந்து, தங்கச்சியின் உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் சுண்டினார். திடீரென்று ஒரு விக்கல், அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை! உதடு மெல்லச் சிவந்தது.

வாசலில் கூடிநின்றவர்களைப் பார்த்து டாக்டரம்மா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். "புள்ள நெறத்தப் பாக்கத்தானே கண்ணாடி? இப்ப நானு இன்னாத்தப் பாக்கறது? ஒங்க பேரையா?"

ஏழுமலை ஓடிப்போய் ஒரு பிளேடு வாங்கி வந்தார், கண்ணாடியின் முன் மண்டியிட்டு முதலில் தன் பேரைச் சுரண்டினார். அப்புறம் பிளேடைப் பாய் வாங்கிக்கொண்டார், அடுத்து மெத்தைக்காரர். கடைசியாகப் போர்டு எழுதியவர் தன் பேரோடு மிச்சம் இருந்ததையும் சுரண்டித் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனது, உள்ளே என் தங்கச்சி முழுசாகத் தெரிந்தாள். நான் குதித்தேன், நர்ஸ் அதட்டியும் குதித்தேன்.

சாலை திறந்து, அப்பாவும் வந்து சேர்ந்து, இருபதாம் நாள் தங்கச்சியை வெளியே எடுத்து அம்மாவின் மடியில் கொடுத்தார்கள். அன்றைக்கே கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை டோலி கட்டி இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் குறைமாதப் பிள்ளைதான். நர்ஸ் பெட்டிக்குப் புதுத் துணி தேடிக்கொண்டிருந்தாள். அம்மா தங்கச்சியின் துணிகளில் துவைத்து வைத்திருந்ததை எடுத்து நீட்டி, "சீக்கிரம் வையுங்கம்மா, எம்பொண்ணு படுத்துனு இருந்த சூடு இன்னும் ஆறல" என்றாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியும் இல்லை, மிட்டாய்க் கடையும் இல்லை. ஊருக்குப் பெரிய மருத்துவமனை வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு நல்ல மிஷின்களும் வந்துவிட்டன, ரொம்ப சந்தோஷம். அந்தக் கண்ணாடிப் பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் எத்தனை பேர் கிடந்தார்கள் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, என் தங்கச்சி வயதில் மலையிலிருந்து இறங்கி வரும் எவரைக் கண்டாலும் நான் வெட்கமில்லாமல் உற்றுப் பார்க்கிறேன். "இன்னாங்க, தெரிஞ்சவங்களா?" என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கலாம் என்று சொல்கிறேன்.