நடு ஆணி வரைக்கும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு கால்வாய். மதுரை மேற்கே முடிகிற இடம். அகலம் அதிகமில்லை. கோடையில் கால் நனையாமல் கடக்கலாம். வண்டி போகப் பக்கத்திலேயே தரைப்பாலமும் உண்டு. இருந்தும் அதன்மேல் ஓர் இரும்பு நடைபாலம் நின்றது. அரைப் பனை உயரம். இந்தப் பக்கம் முப்பத்திரண்டு படி, அந்தப் பக்கம் முப்பத்திரண்டு படி. என்னைத் தவிர யாரும் ஏறுவதில்லை.

எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாது. மரவாடியில் கட்டை இறக்கிவிட்டு வந்தால் பாலத்தடி டீக்கடையில் இதே பேச்சுத்தான்.

"கீழ ரயிலு விடப்போறோம்னு கட்டுனது. ரயிலு வரல," என்பார் டீக்கடைக்காரர்.

"வாய்க்காலுக்குள்ள எங்கண்ணே ரயிலு போகும்?"

"அப்ப நீ சொல்லுப்பா. கப்பலு போகவா?"

எனக்கும் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டபின் உச்சியில் போய் உட்காருவேன். அங்கே நடுவில் ஒரு பெரிய ஆணி, தலை தேய்ந்து பளபளக்கும். காற்று வந்தால் பாலம் லேசாக ஆடும். தண்ணீர் ஓடுகிறதா, பாலம் ஓடுகிறதா என்று மயங்கும். நாகமலை வெயிலில் கரைந்து நிற்கும். கீழே ஆட்கள் சத்தமில்லாமல் போவார்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, மழை தப்பிய வருஷத்தில் வந்து குடியேறியவர்கள். வரும்போது எங்கள் அம்மன் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து இங்கே வைத்துக் கோயிலாக்கினோம். சாமி வந்தால் எல்லை வேண்டும். கால்வாய்தான் கிழக்கு எல்லை என்று முடிவானது. திருவிழாவுக்குக் கையில் காப்பு கட்டியவன் எட்டு நாளும் எல்லை தாண்டக் கூடாது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனியில் நானும் கட்டினேன். அதற்கு முந்தின பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. பெண்டாட்டி பிழைத்ததே பெரிய காரியம். இந்தத் தடவை இரண்டு உயிரும் நல்லபடியாகப் பிழைக்க வேண்டும் என்று தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டேன். பிரசவம் சித்திரை கடைசியில் என்று நினைத்திருந்தோம். மாதக் கணக்கில் தவறிவிட்டோம். காப்பு கட்டிய ஐந்தாம் நாள் காலையில் வலி எடுத்துவிட்டது.

பிரசவ ஆஸ்பத்திரி அக்கரையில். என் அக்கா அவளை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போனாள். தரைப்பாலம் வரை பின்னாலேயே நடந்தேன். பெண்டாட்டி திரும்பி என் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"அங்கனயே நில்லுங்க. தாண்டிராதீங்க," என்றாள்.

நின்றேன். ரிக்ஷா புளியமரங்களுக்குள் போய் மறைந்தது.

பாலத்தில் ஏறினேன். உச்சியிலிருந்து மரங்களுக்கு மேலாக ஆஸ்பத்திரியின் மாடித் தாழ்வாரம் தெரிந்தது. முந்தின தடவைக்குப் பிறகு, அந்தத் திசைக்கு முதுகு காட்டியே உட்கார்ந்து பழக்கம். அன்று திரும்பி நின்றேன்.

வெயில் ஏறியபோது பூசாரி வந்தார். பெண்டாட்டிக்குப் பெரியப்பா முறை. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, எல்லை மேலயே ஏறி நிக்கிற?"

"இது தாண்டுனதா மாமா, தாண்டாததா?"

அவர் பாலத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். எங்கள் ஆட்கள் எல்லை வைத்தபோது தண்ணீருக்குத்தான் வைத்தார்கள். அந்தரத்துக்கு வைக்கவில்லை.

"நடு ஆணி வரைக்கும் நம்ம ஊரு," என்றார் கடைசியில். "அதுக்கு அங்கிட்டுக் காலு போகக் கூடாது."

"ஆணிக்கு இங்கிட்டு ரயிலு வருமா சாமி?" என்றார் டீக்கடைக்காரர்.

"வாய மூடுய்யா. உள்ள கெடக்குறது எங்க புள்ள."

டீக்கடைக்காரர் கொஞ்சம் பொறுத்து முப்பத்திரண்டு படியும் ஏறி டீ கொண்டுவந்தார்.

"நான் வேணா போயி கேட்டுட்டு வரவாப்பா?"

"ஆம்பளய உள்ள விட மாட்டாகண்ணே."

டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். அது ஆறிப்போனது.

உச்சிவெயிலில் அக்கா தாழ்வாரத்துக்கு வந்தாள். ஒரு சேலையைக் கம்பியில் விரித்துப் போட்டாள். காலையில் பெண்டாட்டி கட்டியிருந்த நீலச் சேலை. துவைத்து ஈரமாக இருந்தது. போன தடவையும் சேலையைத் துவைத்துத்தான் போட்டார்கள். கையை ஆட்டினேன். அக்கா பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சேலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பாலமும் ஆடியது. பார்க்கப் பார்க்க, மேலே ஆடுவது கால்வாய் போலவும் கீழே ஓடுவது சேலை போலவும் ஆகிவிட்டது. இரும்பு காலில் சுட்டது. அது வேறு யாருடைய காலோ என்று இருந்தது.

மறுபடி அக்கா வந்தாள். கையில் ஒரு துணிப்பொதி. இரண்டு கையாலும் தூக்கிப் பாலத்துக்குக் காட்டினாள். பொதியிலிருந்து ஒரு கை, விரல் தண்டிதான் இருக்கும், வெளியே வந்து காற்றைப் பிடித்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

நான் கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். தாலி இருக்கும் இடத்தில். அவள் எப்படி இருக்கிறாள்?

அக்கா பொதியை மாரோடு அணைத்துக்கொண்டாள். ஒரு கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். இரண்டு தடவை. கஞ்சி குடிக்கிறாள்.

குனிந்தேன். காலடியில் ஆணியைக் காணோம். எனக்குப் பின்னால் நாலு அடி தள்ளிக் கிடந்தது. எப்போது நடந்தேன் என்று தெரியாது.

கீழே பூசாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நாகமலைப் பக்கம் திரும்பி நின்றார்.

"எறங்கு மாப்ள," என்றார். "வெயில்ல எனக்குக் கண்ணே தெரியல. எம்புட்டு நேரந்தான் அந்த ஆணிகிட்டயே நிப்ப?"

பின்பக்கமாகவே நாலு அடி நடந்து, ஆணியை மிதித்து, இறங்கினேன்.

எட்டாம் நாள் தீச்சட்டி எடுத்தேன். கை சுட்டது. மற்றவர்களுக்குச் சுட்ட அளவுதான்.

டீக்கடையில் பாலத்துப் பேச்சு ஓயவில்லை. என்றைக்கோ வரப்போகிற பெரிய வெள்ளத்துக்காகக் கட்டியது என்று புதிதாக ஒருவர் சொன்னார். இருக்கலாம் என்றேன்.