ஞாயிற்றுக்கிழமை மன்னா

எங்கள் முதலாளியம்மா சின்யோராவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் என் ஞாபகம் பொங்கி வரும். கிழமை முழுவதும் லிபெர்த்தா வீதியில் அந்த மனுசியின் வீட்டைத் துடைத்து, சமைத்து, உடுப்பு மினுக்குகிறேன். அது போதாதாம்.

பலெர்மோவுக்கு வெளியே, மலையில், மரப்பட்டையைக் கீறி மன்னா என்கிற இனிப்புச் சாறு எடுக்கிற தோட்டத்தைக் காட்டுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு தரம் புறப்பட்டோம். இரண்டு தரமும் "விருந்தாளிகள் வருகிறார்கள், வா" என்று சின்யோரா கூப்பிட, பாதி வழியில் காரைத் திருப்பினோம். இரண்டாம் தரம் மகள் அழக்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

இந்த ஓகஸ்ட்டில் சனி பின்னேரமே கோயிலில் ஞாயிறுப் பூசையைக் கண்டு, விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். தோட்டக்காரர் வளைந்த கத்தியால் பட்டையைக் கீறிக் காட்டினார். முன்பு கீறிய இடங்களில் வடிந்த சாறு வெயிலில் காய்ந்து, மெழுகுதிரி உருகி வழிந்ததுபோல வெள்ளையாகத் தொங்கியது. ஆளுக்கொரு துண்டு உடைத்துத் தந்தார்.

"அம்மா, பைபிளிலை மன்னா வானத்திலை இருந்தெல்லோ விழுந்தது?" என்றாள் மகள்.

"அது மோசேயின்ரை ஆக்களுக்கு. நாங்கள் மலை ஏறித்தான் வாங்கவேணும்," என்றார் கணவர்.

அப்போது என் ஃபோன் அடித்தது. சின்யோரா! வாயிலிருந்த மன்னாவைச் சுவைக்காமல் மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"எடுக்காதையும்," என்றார் கணவர்.

"ஏன், ஒளிக்கவோ? நான் கதைக்கப் போறன்," என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ விசாவை எதை வைத்துப் புதுப்பிப்பது?

"மத்தியானம் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள். உடனே வா."

"நோ, சின்யோரா. இன்று என் குடும்பத்தோடு இருக்கிறேன். நாளை காலை வருகிறேன்."

இத்தனை வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் 'நோ'. சின்யோரா மெல்லிய குரலில், "அப்படியென்றால்... அந்தப் பெரிய சட்டி எங்கே இருக்கிறது?" என்றார்.

"அடுப்புக்குக் கீழே," என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

"மனுசிக்கு இண்டைக்குத்தான் தன்ரை குசினி எந்தப் பக்கமெண்டு தெரியப்போகுது!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தையடி?"

"நோ எண்டு."

தோட்டக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, மலை அதிரக் கத்தினேன்: "நோ!"