கல்லுக்குப் பக்கத்து நாற்று

இன்று காலை எங்கள் அடுக்குமாடி வாசலில் புல் பதிக்க மண்ணை நனைத்தபோது எழுந்த சேற்று வாசனை, என்னை அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழிருந்த வயலில் கொண்டுபோய் நிறுத்தியது. தொழிற்சாலைக்கு நிலம் அளக்க வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட பருவம் அது. நிலம் வேறொருவருடையது, நட்டால் எங்களுக்குக் கூலி, நடாவிட்டால் அதுவும் இல்லை. "பயிரு கீற நெலத்துல எவனும் கை வெக்க மாட்டான், சீக்கிரம் ஆவட்டும்" என்று அம்மா விரட்ட, விரல் நீளம்கூட வளராத நாற்றைப் பிடுங்கி, நடவுப் பாட்டுகூட இல்லாமல் பெண்கள் நட்டுக்கொண்டே போனார்கள். ஏரிக்கரைப் பனையோலை சலசலத்தாலும் ஜீப்போ என்று எல்லாத் தலைகளும் நிமிர்ந்து மறுபடி குனியும்.

மதியத்துக்கு மேல் ஜீப் வந்தேவிட்டது. சர்வேயர் வரப்பிலிருந்தே கைகாட்ட, ஆட்கள் சேற்றில் இறங்கி நாற்றின் நடுவே எல்லைக்கல்லை ஊன்றினார்கள்.

"இன்னா சார், பயிரு கீதே!" என்றாள் அம்மா.

"நாங்க அளக்கறது நெலத்தம்மா, பயிர இல்ல" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

ஜீப் போனதும் அம்மா, கல்லடியில் மிதிபட்ட நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசினாள். பிறகு ஒரு சாண் தள்ளி மறுபடி நட்டாள்.