ஆற்றங்கரைக் கூடாரமும் அம்மாவின் சந்தகையும்

எங்கள் வீட்டில் எது விழுந்தாலும் முதலில் என்னைத் தேடுவார்கள். விழுந்தது என்ன என்று அப்புறந்தான் பார்ப்பார்கள். ஐம்பது வயதை நெருங்கியும் அந்தப் பதவியிலிருந்து என்னை யாரும் இறக்கவில்லை. அது எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது. ஆனைமலைப் பக்கத்து ஆற்றங்கரையில், காலைப் பலகார வேளையில்.

இரண்டாம் யுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷம் முந்தி. அக்காவுக்குக் கல்யாணமாகி, மச்சான் முதல் விருந்துக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர், வாய் திறந்து பேசாதவர். புது மாப்பிள்ளைக்குக் காலையில் சந்தகை போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசி மாவை அவித்து, சூடு ஆறுவதற்குள் மூன்று கால் மரத்தில் வைத்து, நீளத் தண்டை அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். அதன்மேல் தேங்காய்ப்பாலும் வெல்லமும். அம்மா எட்டு நாளும் அதையே செய்தாள். முதல் நாள் மூன்று தட்டு சாப்பிட்ட மச்சான், எட்டாம் நாள் அரைத் தட்டுக்கு வந்துவிட்டார்.

மாமியார் மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள் என்பதால் நான்தான் தபால்.

“மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமான்னு கேளு கண்ணு.”

“போதுமுங்கன்னு சொல்லு கண்ணு.”

இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி முழுவதையும் மறுபடி சொல்லுவேன்.

அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. “மனசுல என்னமோ கொறை வெச்சிருக்கறாரு. மூஞ்சியச் சுளிச்சிட்டு ஊருக்குப் போனா, அங்க என்ற புள்ளையத்தான சொல்லுவாங்க” என்று அப்பாவிடம் புலம்பினாள்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, மலைமேல் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர். துரை வேண்டாமென்று தள்ளிய ஒரு கூடாரத்தைத் தூக்கி வந்திருந்தார். “மாப்பிள்ளை ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எப்படிப் பசிக்கும்? ஆத்தங்கரைல ரெண்டு நாள் கூடாரம் போடலாம். துரை காலைல ரெண்டு ரொட்டி, ரெண்டு முட்டை, அவ்வளவுதான். வேலையுமில்ல, வயிறும் ரொம்பிரும்” என்றார்.

“மாப்பிள்ளைய ரொட்டி தின்ன வெச்சு அனுப்பறதா? வாயக் கழுவுடா” என்றாள் அம்மா. ஆக, உலகத்திலேயே முதன்முறையாகச் சந்தகை மரம் கூடாரம் போடக் கிளம்பியது. கூண்டு வண்டியில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் மாவுப் பானை, தேங்காய் மூட்டை, இட்லிக் குண்டான். அப்பாவுக்கும் வண்டிக்காரருக்கும் ஒரு சட்டியில் கம்பஞ்சோற்று உருண்டையும் ஒரு மொந்தை மோரும் வண்டிக்கு அடியில் தொங்கின.

ஆற்றங்கரையில் இறக்கிப் பார்த்தால், கூடாரத்துக்கு இரண்டு கம்பத்தில் ஒன்றைக் காணோம். நான் முந்தின நாள் அதை எடுத்துப் புளியங்காய் அடித்துவிட்டு மரத்தடியிலேயே விட்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். சந்தகை மரத்துத் தண்டை உருவி, கம்பமாக நட்டுவிட்டார்.

“காலைல சந்தகைக்கு என்னடா பண்றது?” என்றாள் அம்மா.

“வெடியறதுக்குள்ள எந்திரிச்சு மூங்கில வெட்டி மாத்திப்போடறேன் அக்கா.”

சாயங்காலம் அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “ஏம்மா, அவங்களுக்குக் கம்மஞ்சோறுன்னாலும் புடிக்குமுங்மா.”

“வண்டிக்காரருக்குக் கரைச்சு வெச்சத மாப்பிள்ளைக்கு ஊத்துவாங்களா? ஊரு சிரிக்கும். பேசாம இரு அம்மணி.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு வண்டிப் பக்கம் போனாள்.

மச்சானும் மாமாவும் கூடாரத்தில் படுத்தார்கள். அம்மாவும் அக்காவும் நானும் வண்டிக்குள். அப்பாவும் வண்டிக்காரரும் வண்டிக்கு அடியில். விடிகிற நேரத்தில் குண்டானில் மாவு வெந்து ஆவி பறந்தது. மாமாவோ குறட்டையில் இருந்தார்.

“சூடு ஆறிப்போகும். மாமன எழுப்பித் தண்ட வாங்கிட்டு வா” என்று அம்மா என்னை விரட்டினாள். பாதி வழியில் அக்கா நிறுத்தினாள்.

“மாமாவ எழுப்பாத கண்ணு, பாவம், அசந்து தூங்கறாரு. நீயே சத்தமில்லாம உருவிட்டு வந்துரு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பு.

கூடாரம் முழுசாக உட்கார்ந்தது. உள்ளேயிருந்து “யானை! யானை!” என்று மாமாவின் குரல். துணியைப் போர்த்தியபடியே எழுந்து, கண் தெரியாமல் ஓடினார். நேராக அடுப்பை நோக்கி. குண்டான் கவிழ்ந்தது. வெந்த மாவு உருண்டைகள் ஒவ்வொன்றாக மணலில் உருண்டு ஆற்றில் இறங்கின.

“யானையுமில்ல, பூனையுமில்ல. ஓடறது நீதான், நில்லப்பா!” என்று வண்டிக்கடியிலிருந்து அப்பா கத்தினார்.

அம்மா மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். “நாளைக்கு ஊருக்குப் போறவருக்கு நான் என்னத்தப் போடுவேன்?” அழுதுகொண்டே என் காதை எட்டிப் பிடித்துத் திருகவும் மறக்கவில்லை. தலையெல்லாம் மணலோடு மச்சான் எழுந்து நின்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

அக்கா சட்டியோடு வந்தாள். கம்பஞ்சோறு மோரில் கரைத்துத் தயாராக இருந்தது. வேறு வழியில்லாமல் அம்மா தலையாட்டினாள். மச்சான் உட்கார்ந்தார். ஒரு போசிக் கிண்ணம் காலி. இன்னொரு போசி. அக்கா தன் மடியிலிருந்து சின்ன வெங்காயம் எடுத்து எடுத்து வைக்க, அவர் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டே மூன்றாவது போசியையும் நீட்டினார். பிறகு, தபாலை நம்பாமல், அம்மாவைப் பார்த்தே சொன்னார்:

“அத்தை, எட்டு நாளாக் கேக்கலாமான்னு இருந்துச்சுங்க. நீங்க அத்தனை பாடுபட்டுப் புழிஞ்சு போடறீங்க, எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறதுங்க?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு கேளு கண்ணு” என்றாள். என் காதை அப்போதுதான் விட்டாள். அன்று அப்பாவும் வண்டிக்காரரும், மாமா அம்மாவுக்குத் தெரியாமல் பையில் கொண்டுவந்திருந்த ரொட்டியைத் தின்றார்கள்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குக் கூடினாலும், நான் கூடாரத்தைச் சாய்த்த கதை வந்துவிடும். மற்றவர்களை விட அக்காதான் அதை நன்றாகச் சொல்லுவாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். என் முட்டாள்தனம் மச்சானுக்குச் சோறு போட்டது என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

காது அம்மாவின் கையில் இருந்ததால், அன்று என் தலை அக்காவின் பக்கமாகத் திரும்பியிருந்தது. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன். கூடாரம் விழுந்து மச்சான் தலையிலிருந்து மணலைக்கூட இன்னும் தட்டவில்லை. அக்காவின் மடியிலோ ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சின்ன வெங்காயம், ஒன்று விடாமல் உரித்து, கழுவி.

அவ்வளவு சின்ன வெங்காயம் உரிக்க எவ்வளவு நேரமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.