கோடு விழாத நீல பஸ்

பஸ்ஸைச் சின்னதாக்குவது லேசான வேலை. பஸ்காரரின் ஆசையைச் சின்னதாக்குவதுதான் கஷ்டம்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கும், இனி வரப் போகிறவர்களுக்கும், வீட்டில் ஏச்சு வாங்கி இடைநடுவில் விட்டுவிட்டவர்களுக்கும் என் சலாம். நான் சாய்ந்தமருதில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து குட்டி பஸ் செய்கிறவன். ஒன்றரை அடி நீளம். பிளாஸ்டிக் ஷீட்டில் உடம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பில் டயர், பைல் கவரில் கண்ணாடி. பஸ்காரர்கள் தங்கள் பஸ்ஸின் குட்டியைச் செய்வித்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்வார்கள். தாய் ஓடும், குட்டி முன்னால் இருந்து வழி பார்க்கும். அழகான காட்சி. அதற்குப் பின்னால் ஒருவன் படுகிற பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இது கொப்பியா?

ஹனீபா காக்கா நிந்தவூர்க்காரர்; எங்கள் பக்கம் அண்ணனைத்தான் காக்கா என்போம். கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஓடுகிற பஸ். ஓட்டுகிறவரும் அவர், சொந்தக்காரரும் அவர். மேலே வெள்ளை, கீழே கடல் நீலம். நடுவில் வெள்ளை எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று ஒருவராலும் சொல்ல முடியக்கூடாது, பாலில் நீலம் கரைந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. "என்ட பஸ் அப்பிடித்தான் தம்பி, பார்த்தா விளங்கும்" என்றார். பார்க்கத்தான் வழியில்லை. நான் நித்திரையில் இருக்கும்போது அது ஊரைவிட்டுப் போகும், நித்திரையில் இருக்கும்போதே திரும்பி வரும். படம் அனுப்பச் சொன்னேன். பதினொரு படம் அனுப்பினார். பதினொன்றிலும் பஸ்ஸை மறைத்துக்கொண்டு அவரே நின்றார்.

தூரிகையால் தீட்டிப் பார்த்தேன், பட்டை பட்டையாக வந்தது. வெள்ளையில் நீலம் ஏறாமல் டேப் ஒட்டி, கடை ஸ்பிரே டின்னால் அடித்தேன். டேப்பை உரித்ததும் நடுவில் நேராக ஒரு கோடு. ஹனீபா காக்கா வந்து பஸ்ஸை மேசையில் வைத்துவிட்டுக் குந்தினார். ஒரு கண்ணை மூடினார். எழும்பி ஒரு சுற்று வந்தார். விரலால் டயரைத் தட்டிக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"டயர் சரி. ஆனா தம்பி, என்ட பஸ்ஸில கோடு இல்ல. இது பஸ்ஸா, ஸ்கூல் கொப்பியா?"

தக்காளி வேலை

பெரிய பஸ்ஸைச் சேர்விசுக்குக் கராஜில் விட இன்னும் மூன்று கிழமை இருந்தது. அன்றைக்குக் குட்டி கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. உம்மா வந்து என் பாஸ்போர்ட்டைப் பிரிட்ஜுக்கு மேலே, தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிற இடத்தில் வைத்தார். கட்டாரில் இருக்கிற மாமா ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் மெதுவாகக் கதைக்கிறவன். நான் "மாட்டன்" என்று சொன்னது இதுவரை அவருக்குக் கேட்கவில்லை.

உம்மா சொன்னார்: "அந்த மனிசன் பஸ்ஸ எடுத்தா நீ ஊட்டுல இரி. எடுக்காட்டி மாமாக்கிட்டப் போ. சூப்பர் மார்க்கட்டுல தக்காளி அடுக்குற வேல. தக்காளியில கோடு இரிந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

பூனைக்கு அடித்த நிறம்

கோடு விழாமல் அடிக்கிறவர் யார்? ஹனீபா காக்காவின் பஸ்ஸுக்கே நிறம் அடித்த மேஸ்திரி, எல்லோரும் பெயின்ட் பாஸ் என்று கூப்பிடுகிறவர்தான். அவருடைய கராஜ் நிந்தவூர் மெயின் ரோட்டில் இருக்கிறது. காற்றடிக்கிற கொம்பிரசர் ஒரு கன்றுக்குட்டி அளவு. அது எழுப்பும் சத்தத்தில் கராஜுக்குள் எல்லோரும் சைகையால்தான் கதைப்பார்கள். எனக்கு ஏற்ற இடம். பழைய ஒத்திகை பஸ் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பெரிசயே அடிச்ச கை இது, குட்டிக்கென்ன!" என்று பாஸ் அதை எண்ணெய் பீப்பாய் மேல் நிறுத்தினார். ஸ்பிரே கன்னை ஒரே ஒரு இழுவை இழுத்தார். காற்றில் பஸ் எழும்பிப் பறந்து, நித்திரையாய்க் கிடந்த கராஜ் பூனைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. பஸ்ஸில் கண்ணாடி, டயர், கூரை எல்லாம் நீலம். பூனையில் பாதி நீலம். உண்மையைச் சொன்னால், பூனையில்தான் நிறம் அழகாகக் கரைந்திருந்தது. பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நான் யானைக்குச் சட்ட தைக்கிறவன். எறும்புக்குத் தைக்கிற ஆள வேற எங்கயும் பாருங்க."

சரியான சனம்

எறும்பு என்றதும் என் அக்கா, எங்கள் ராத்தாவின் ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. ராத்தா எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, கலியாணக் கேக் செய்கிறாள். கேக்குக்கு நிறம் அடிக்க அவளிடம் ஒரு சின்ன மெஷின் உண்டு: பேனை மாதிரி ஒரு எயார்பிரஷ், சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கொம்பிரசர். இத்தனை நாளும் அதில் அடித்த ரோஜாப்பூவை நான் தின்றிருக்கிறேன். அதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இதுக்குள்ள பெயின்ட் ஊத்தினியோ, உன்னையே கேக்குக்குள்ள வெச்சிடுவன்" என்றாள் ராத்தா. நியாயம்தான். அதனால் கேக் நீலத்தையே ஊற்றினோம். பிளாஸ்டிக்கில் அது ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. ராத்தா யோசித்துவிட்டுக் கொஞ்சம் சீனிப்பாணி கலந்தாள். அவளுடைய தொழிலில் எதற்கும் அதுதான் மருந்து. ஒட்டியது! வெள்ளையும் நீலமும் கரைந்தன! கோடு இல்லை! நான் துள்ளிய துள்ளலில் ராத்தாவின் முட்டை இரண்டு உடைந்தது. கையோடு ஹனீபா காக்காவுக்குப் படம் அனுப்பிவிட்டு, பஸ்ஸை ஜன்னலடியில் காயவைத்தேன்.

கடல் காற்றில் சீனிப்பாணி காயுமா? காலையில் ஹனீபா காக்கா மகிழ்ச்சியாக வந்து நின்றபோது, ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு எறும்பு வரிசை, ஒழுங்கு தவறாமல், முன் கதவால் ஏறிக்கொண்டிருந்தது. பின் கதவால் இறங்கிக்கொண்டும் இருந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சரியான சனம் தம்பி, நிக்க இடமில்ல. டிக்கட் போட்டாச்சா?"

நகை வேண்டாம்

இனிச் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. முதல் எயார்பிரஷ் வாங்கப் போகிறவனின் மண்டைக்குள் என்ன நடக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். போனைத் திறந்தால் நூறு வகை. எனக்குப் பிடித்தது தங்க நிறத்தில், வெல்வெட் பெட்டியில், ஐந்து ஊசியோடு வருகிற ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் சோறு தின்றேன்.

காரைதீவில் குகன் என்று என் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். கோயில் தேர்களைச் சின்னதாகச் செய்து நிறம் அடிக்கிறவன். ஏற்கெனவே ஒரு எயார்பிரஷை நாசமாக்கியவன் என்பதால் அனுபவசாலி. படத்தைக் காட்டினேன்.

"மச்சான், நீ பஸ்ஸுக்கு நிறம் அடிக்கப் போறியா, பொம்புளைக்கு நகை போடப் போறியா?" என்றான். "அஞ்சு ஊசியும் வாங்கி ஒண்டத்தான் பாவிப்பாய். சைபர் தசம் மூண்டு மில்லிமீட்டர் ஊசி போதும். பெரிய பக்கத்தையும் அடிக்கும், சின்ன எழுத்தையும் எழுதும்."

"பெயின்ட் ஊத்துற கிண்ணம் மேலயா, போத்தல் கீழயா?" என்றேன்.

"மேல. பெயின்ட் தன்ட பாட்டுல இறங்கும், கொஞ்சக் காத்துப் போதும். மத்தது, ராத்தாட மெஷின்ல அமத்தினா எல்லாம் ஒண்டா வருமே, அது வேணாம். அமத்தினா காத்து, பின்னுக்கு இழுத்தா நிறம். ரெண்டும் வேற வேறயா வாறது எடு. கரைஞ்சு போற நிறம் எல்லா முறையும் ஒரே மாதிரி வர அதுதான் வேணும்."

கொம்பிரசரும் வாங்க வேண்டுமா என்று பயந்து கேட்டேன். ராத்தாவின் கொம்பிரசர் குழாய் இதற்கும் பொருந்தும், கேக் இல்லாத நாளில் கேட்டு வாங்கு என்றான். வெல்வெட் பெட்டியைப் பிரிய மனமில்லாமல் பிரிந்து, பார்வைக்குக் குண்டூசிப் பெட்டி மாதிரி இருந்த ஒன்றை ஓடர் பண்ணினேன். எழும்பும்போது குகன் கையைப் பிடித்தான்:

"ஊசி முனைய மட்டும் கீழ போட்டிராத மச்சான். வளைஞ்சா அது எயார்பிரஷ் இல்ல, பூவாளி."

ஜும்ஆச் சட்டை

பார்சல் வந்தது. முதல் நாள் பழைய பத்திரிகையில் புள்ளி வைத்தேன். அது துப்பியது. காற்றில் ஈரம், குழாய்க்குள் தண்ணீர். குகனிடம் கேட்டு, நடுவில் தண்ணீர் பிடிக்கிற ஒரு சின்ன வடி போட்டேன். பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்தேன். முதலில் காற்றை விட வேண்டும், பிறகு நிறம். முடிக்கும்போது முதலில் நிறத்தை நிறுத்த வேண்டும், பிறகு காற்று. மாறிப்போனால் ஒரு பெரிய சொட்டு. ஐந்து நாள் சொட்டுகளோடேயே வாழ்ந்தேன். ஆறாம் நாள், ஒரு பத்திரிகைப் பக்கத்தில் நீலம் மெல்ல மெல்ல ஒன்றுமில்லாமல் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். உம்மா பிரிட்ஜைப் பார்த்தார்.

அடுத்த நாள் வெள்ளி. ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டு, பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க ஹனீபா காக்கா வந்தார். "இதுதானா சாமான்?" என்று நான் வாய் திறக்குமுன் கையில் எடுத்தார். "காக்கா, பார்த்து..." என்றேன். என் குரலைப் பற்றித்தான் உங்களுக்குச் சொன்னேனே. ஓட்டுநர் கை, பொத்தான் ஒன்றைக் கண்டால் ஹோர்ன் என்றுதான் நினைக்கும். அமத்தினார், அமத்தினபடி இழுத்தார். முனை அவர் பக்கம் இருந்தது.

வயிற்றிலிருந்து நெஞ்சு வரைக்கும் நீலம். உம்மா அடுப்படியிலிருந்து "யா அல்லாஹ்!" என்று ஓடி வந்தார். நான் மனசுக்குள் தக்காளி அடுக்கத் தொடங்கிவிட்டேன். ஹனீபா காக்கா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வயிற்றில் கடல் நீலம்; ஏற ஏற மெலிந்து, நெஞ்சில் வெறும் வெள்ளை. நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. என் வாப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகும்போது, உம்மா நனைக்க எடுத்த தன் சட்டையைக் காட்டிச் சொன்னார்:

"பாருங்க, கோடு இல்ல! கழுவிடாதீங்க!"

தாயும் குட்டியும்

பஸ் சேர்விசுக்கு வந்த நாள், குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பெயின்ட் பாஸின் கராஜுக்குப் போனேன். அந்த பஸ்ஸை முழுசாக, வெளிச்சத்தில், முன்னால் ஹனீபா காக்கா நிற்காமல் அன்றுதான் பார்த்தேன்.

முன் லைட்டிலிருந்து பின் லைட் வரைக்கும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில், ஒரு விரல் தடிப்பில் கோடு. தெளிவான கோடு. நான் முதலில் அடித்த, அவர் கொப்பி என்று தள்ளிய அதே கோடு. தாயைப் போல இல்லாத குட்டியை யார் எடுப்பார்கள்? துணியை மறுபடி மூடப் போனேன். அதற்குள் அவர் வாங்கி, பஸ்ஸின் பக்கத்தில் பிடித்துவிட்டார். குட்டியைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். கராஜில் கொம்பிரசர்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"பாஸ்" என்றார் மெதுவாக. "இதென்ன கோடு?"

"எது?" என்றார் பெயின்ட் பாஸ்.

"இந்தா, இது."

"அது... டிசைன்."

"எட்டு வருஷமா எனக்குத் தெரியாத டிசைனா? நான் எந்த நாளும் உள்ளுக்கு இரிந்து றோட்டப் பாக்கிற மனிசன். வெளியால பாத்தவங்க ஒருத்தராவது சொன்னீங்களா?" எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நீலம் இன்னும் முழுசாகப் போகாத பூனை மட்டும் எழும்பி வெளியே போனது. ஹனீபா காக்கா குட்டி பஸ்ஸைப் பாஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி அடிச்சிரிக்கிறதப் பாருங்க. இதுதான் என்ட பஸ். இதப் பாத்து அதத் திருப்பி அடிங்க."

பிறகு காற்சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழப் பக்கற்றை எடுத்தார். புது வண்டி இறக்கினால் ஓதி, பங்கு வைப்பது அவர் வழக்கம். பிஸ்மி சொல்லிக் குட்டியின் கூரையில் கைவைத்து துஆ ஓதினார். கராஜில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு பழம். எனக்கு இரண்டு. பாஸ் பழத்தை மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து, என்னைவிட மெதுவான குரலில் கேட்டார், அந்த ஊசி எத்தனையாம் நம்பர் என்று. சைபர் தசம் மூன்று என்றேன். அவர் அந்த நீளமான பஸ்ஸை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார்.

"அல்லாஹ்வே! அதால இத அடிச்சா வாற நோன்புக்குத்தான் முடியும்."

பிரிட்ஜுக்கு மேலே

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கப் போனேன். பிரிட்ஜுக்கு மேலே பாஸ்போர்ட் இல்லை. அந்த இடத்தில், கழுவாமல் காயவைத்து நான்காக மடித்த ஒரு வெள்ளைச் சட்டை, நீலம் மேலே தெரிகிற மாதிரி இருந்தது. உம்மா என்னைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்:

"மாமாக்கு நான் கதைச்சிட்டன். தக்காளிய வேற ஆள் அடுக்கட்டும்."

ஆகவே கூட்டாளிமாரே, முதல் எயார்பிரஷைத் தெரிவு செய்வது ஒரு பெரிய காரியமே இல்லை. கைவசம் ஒரு பூனையும், ஒரு பஸ் நிறைய எறும்பும், ஒரு ஜும்ஆச் சட்டையும், கோடு விழுந்த பெரிய பஸ் ஒன்றும் இருந்தால் போதும்.