வெள்ளி முகம்

நாவற்குடாவில் வாவியைப் பார்த்த வளவொன்றில் வல்லிபுரம் ஆசாரியின் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு பக்கமும் கிடுகு கட்டிய ஒரு கொட்டில். மாரியில் சிலை நனையாமல் இருக்க ஆசாரி நனைந்துகொண்டு நிற்பார். அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து தோணியேறி வந்த சிற்பி. உளிப்பையைத் தவிர வேறு சொத்தொன்றும் அவர் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பையை வைத்துக்கொண்டுதான் வாவியின் இரு கரைக் கோயில்களுக்கும் வாகனமும் விக்கிரகமும் செய்து அந்தக் குடும்பம் பிழைத்தது.

வல்லிபுரம் பேச்சில் மகா கஞ்சன். யாராவது சுகம் விசாரித்தால், பதில் வருவதற்குள் கேட்டவர் ஆரையம்பதிக்கே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அந்த வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பேசியவள் மகள் இராசாத்தி. ஒரே பிள்ளை. இடது புருவம் சற்றே மேலேறி, மேலுதடு கொஞ்சம் தூக்கி, எந்த நேரமும் ஏதோ கேட்க வாயெடுப்பவள் போல இருப்பாள். கேட்கவும் செய்வாள். யானை வாகனத்துக்கு ஏன் வயிறு இல்லை, மயிலுக்கு ஏன் கண் இல்லை என்று குடைந்தெடுப்பாள். ஆசாரி சிரிப்பார். அவர் சிரித்ததை ஊரில் கண்டவர்கள் அவளால்தான் கண்டார்கள்.

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் அவளுக்குத் தொண்டையடைப்பான் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோணி பிடித்தார்கள். பாதி வாவியில், தகப்பனின் மடியில் கிடந்தபடி, "மூச்சு வருகுதில்ல அப்பா, மூக்கால வருகுதில்ல" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. யாரும் சொல்லாமலே தோணிக்காரன் தோணியைத் திருப்பினான். அன்றிலிருந்து ஆசாரியின் மனைவி சீதேவிப்பிள்ளை வாவிப் பக்கம் முகம் கொடுத்து நிற்பதில்லை.

அடுத்த வருஷம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஓர் ஊரிலிருந்து அம்மன் வேலை வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊராருக்கு ரோசம் அதிகம். பழைய மர விக்கிரகத்தைக் கறையான் தின்றுவிட்டது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் விநாயகமூர்த்தி தானே நேரில் வந்து வெற்றிலை வைத்தார். அந்தக் கோயில் வைகாசியில் மட்டும்தான் திறக்கும். சடங்கு முடிந்ததும் கதவைப் பூட்டினால் அம்மன் மறு வைகாசி வரைக்கும் இருட்டில் இருப்பாள். ஆகவே வைகாசிக்கு முன் வேலை முடிய வேண்டும்.

மரம் கொண்டுவந்தவர் காத்தான்குடி அசனார். கரடியனாற்றுக் காட்டோரம் நின்ற முதிர்ந்த வேம்பு. அசனாருக்கும் ஆசாரிக்கும் பழைய நட்பு. ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர் கேட்டுக்கொண்டே இருப்பார், இருவருக்கும் திருப்தி.

அம்மன் வேலைக்குச் சில கட்டுகள் உண்டு. வேலை முடியும்வரை ஆசாரி விரதம். கொட்டிலுக்குள் பெண்கள் வரக்கூடாது. செய்யும் முகம் ஊரில் எவருடைய முகமாகவும் இருக்கக்கூடாது; அளவுகளிலிருந்து மட்டும் பிறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் கடைசியில்தான். கண் திறக்கும்வரை அது மரம். பிழை என்றால் செதுக்கித் திருத்தலாம், மனம் ஒப்பாவிட்டால் அடுப்பிலும் வைக்கலாம். நல்ல நாளில், பூசை செய்யும் கட்டாடியார் முன்னிலையில், கண்ணாடியும் கன்றோடு பசுவும் எதிரே நிற்கக் கண்ணைத் திறந்துவிட்டால் அது தெய்வம். பிறகு செய்தவனே ஆனாலும் உளியோடு கிட்டப் போக முடியாது.

ஆசாரி மாதக்கணக்கில் வேலை செய்தார். பிள்ளை போன வீட்டில் ஆணும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கடினம். அவருக்குக் கொட்டில் வசதியாகப் போயிற்று. அங்கே கை தன் பாட்டில் போகும், மனம் தன் பாட்டில் போகும். மனம் எங்கே போனது என்று அவர் கவனிக்கவில்லை. கை அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

சித்திரைக் கடைசியில் ஒரு முற்பகல் அசனார் வந்தார். கொட்டில் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன காக்கா?" என்றார் ஆசாரி; அசனாரை அவர் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கோவிக்காதீங்க ஆசாரியார். இது நம்மட இராசாத்திர மொகம்தானே?"

ஆசாரி திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் உற்று உற்றுப் பார்த்த முகத்தை அப்போதுதான் கண்டார். மேலேறிய இடது புருவம். தூக்கிய மேலுதடு. கண் மட்டும் இல்லாமல், ஏதோ கேட்க வாயெடுத்தபடி மகள் நின்றாள். அசனார் அவரைப் பிடித்து இருத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வண்ணக்கரும் கட்டாடியாரும் முகம் பார்க்க வருவதாக ஏற்பாடு. தெய்வத்துக்குத் தன் பிள்ளையின் முகத்தை வைத்தவன் என்று பெயர் எடுத்தால் பிறகு எந்தக் கோயிலும் கூப்பிடாது. பெயர் கிடக்கட்டும், அம்மன் பொறுப்பாளா? ஆசாரி சின்ன உளியை எடுத்தார். புருவத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். உதட்டை ஒரு நூலளவு சீவினால் போதும். உளியை உதட்டில் வைத்தார். கை அசைய மறுத்தது.

அப்போதுதான் கொட்டிலின் படலைத் தள்ளிக்கொண்டு சீதேவிப்பிள்ளை உள்ளே வந்தாள். அசனார் முற்றத்தைக் கடக்கும்போது கண் கலங்கியிருந்ததை அவள் கண்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று ஆசாரி பயந்தார். அவள் அழவில்லை. கிட்டப் போய், மரத்தின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"உளிய எடுங்க" என்றாள்.

"நாளைக்கு வண்ணக்கர் வாறார். இத இப்படி விட ஒண்ணா புள்ள."

"ஒருக்கா என்ட கையால மண் போட்டன். இன்னொருக்கா உங்கட கையால வெட்டப் போறீங்களா?"

"அவர் கண்டா வெட்டத்தான் சொல்லுவார்."

"கண்ணைத் திறந்திட்டா வெட்டச் சொல்ல ஏலாதுதானே?"

ஆசாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். சிற்பி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எந்தச் சட்டத்தை எந்தச் சட்டத்தால் உடைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே உச்சி வெயில். பசு இல்லை, கண்ணாடி இல்லை, கட்டாடியார் இல்லை, மந்திரம் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்க்க ஆசாரிக்குத் துணிச்சல் வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பொன்னூசியை எடுத்தார். வலது கண், பிறகு இடது கண். முதல் பார்வை பசுவின் மேல் விழ வேண்டும் என்பது முறை. அன்றைக்கு அது சீதேவிப்பிள்ளையின் மேல் விழுந்தது. அவள், மகளைக் கூப்பிடும் வழக்கில், "மனே" என்றாள். அடுத்த கணம் அவர்கள் இருவருக்கும் பயம் வந்தது. இனி மகளைத் தொட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

வண்ணக்கர் நல்ல மனிதர்தான், கோபம் வராத நேரங்களில். மறுநாள் முகத்தைக் கண்டதும் அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. முன்பு வந்துபோன நாட்களில் இந்தப் பிள்ளை கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை அவரும் வாங்கிக் குடித்திருக்கிறார்.

"எங்கட அம்மனுக்கு உன்ட மகள்ர முகமா? எடு உளிய! இப்பவே வெட்டு!" என்று ஆசாரியை அடிக்கக் கையை ஓங்கினார்.

கட்டாடியார் அவருடைய கையைப் பிடித்தார். "வண்ணக்கர், கண்ணைப் பாருங்க. திறந்து கிடக்கு."

ஓங்கிய கை அப்படியே இறங்கி மற்றக் கையோடு சேர்ந்து கும்பிட்டது. பாவம், அந்த மனிதருக்குத் திட்டவும் முடியவில்லை. அம்மன் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து முற்றத்தில் நின்றுதான் திட்டினார். ஆசாரி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாய் திறக்காத மனிதருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்திருக்காது என்று நினைத்தால் பிழை. அன்று அவர் உள்ளுக்குள் செத்தார்.

கடைசியில் கட்டாடியார்தான் வழி சொன்னார். வெட்டவும் முடியாது, எறியவும் முடியாது, ஆனால் மூடலாம். வெள்ளியில் ஒரு முகம் செய்து இந்த முகத்தின் மேல் அணிவிக்கலாம். தட்டார் வெள்ளித் தகட்டை அடித்தெடுக்க மர அச்சு வேண்டும்.

"அச்ச நீதான் கொத்தித் தரோணும்" என்றார் வண்ணக்கர். "அதுதான் உனக்குத் தண்டன. அதோட எங்கட கோயில் வேல உனக்கு முடிஞ்சிது."

ஆசாரி கொத்தினார். இம்முறை அளவுநூலைக் கீழே வைக்கவேயில்லை. மட்டமான புருவம், எதையும் கேட்காத உதடு; எவருக்கும் பிறக்காத முகம். கொட்டிலுக்குள் தட்டார் தகடு அடிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் சீதேவிப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். கணவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கஞ்சியை வைப்பாள், போய்விடுவாள். முன்பு வீட்டில் பேசாதவர் ஒருவர். இப்போது இருவர்.

வைகாசியில் கதவு திறக்கும் நாளன்று, கூப்பிடாமலே அவள் அவரோடு தோணியில் ஏறினாள். வாவியின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் முன்றலில் சனம் நெரிந்தது. பறை முழங்கியது, பெண்கள் குரவையிட்டார்கள். இவர்கள் இருவரும் வேலியோரம் நின்றார்கள். அதற்கு மேலே போக அவருக்கு உரிமை இல்லை. கதவு திறந்தது. கற்பூர வெளிச்சத்தில் வெள்ளி முகம் பளபளத்தது. சனம் "தாயே" என்றது.

சீதேவிப்பிள்ளை ஆசாரியின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"உள்ளுக்குப் புள்ளைக்கு மூச்சு முட்டுமே. கதவையும் பூட்டிருவாங்களே."

"முட்டாது" என்றார் ஆசாரி.

அவள் அவரைப் பார்த்தாள்.

"மூக்குல ரெண்டு துளை விட்டுத்தான் அடிக்கச் சொன்னன். மரம் புழுங்கி உளுத்துப்போகும் எண்டு வண்ணக்கருக்குப் பொய் சொன்னன். நல்லாப் பாரு. காத்துப் போகும்."

அவள் எக்கி நின்று பார்த்தாள். வெள்ளி மூக்கின் அடியில் இரண்டு சிறிய கறுப்புப் புள்ளிகள். சடங்கு முடிந்து கதவைச் சாத்தும்வரை அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, வாவியின் நடுவில், அவள் கண்ணைத் திறந்தே இருந்தாள்.